ஒரு விலாசத்துக்கு ஒரு ஆள்

இல்ல மிஸ், நீங்க பாத்தது சரிதான். இருபத்திரெண்டு மேச, இருபத்திரெண்டு கதிர, ஒரே ஒரு புள்ள. மத்தவங்க டீ குடிக்கப் போகல, லீவுலயும் போகல. பைஸர் நானா ஹட்டன்ல வச்சு உங்ககிட்ட ரெண்டு ஷிப்ட்டு ஓடுதுன்னாரா? சொல்லுவாரு. அவரு சங்கத் தலைவரு, அப்புடித்தான் சொல்லணும். நான் வெறும் செக்கரட்டரி. எனக்கு அந்த வசதி கெடையாது.

வாங்க, இந்தப் படியில உக்காந்து பேசுவோம். மழ விட்டாத்தான் நீங்க எறங்கிப் போக ஏலும், இந்த மண்ணு ரோட்டுல உங்க சப்பாத்து தாங்காது. பிளேன்டி குடிங்க. சீனிய கலக்கவா, தனியா கையில தரவா? சரி, கலக்குறேன். உங்க ஊருக்குப் போற நல்ல தூளு எங்ககிட்ட இருக்காது, சொல்லிட்டேன்.

அந்தப் புள்ளயா? அது வினோதா. அவ காதுல பாட்டு ஓடும், நம்ம பேசுறது கேக்காது. மிஞ்சின ஒரே கணக்கு அவளுதுதான். அத பொறகு சொல்றேன்.

இது முந்தி புள்ளக்காம்பரா மிஸ். அம்மாமாரு கொழுந்தெடுக்க மலைக்குப் போறப்ப கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். புதுசா ஒண்ணு கட்டினதும் தோட்டத்துல இத பூட்டிப் போட்டுட்டாங்க. தொரை பங்களாவுக்கு நடையா நடந்து வாங்கினோம். செவுத்துல பாருங்க, மொயலு, யான, ஆனா ஆவன்னா. பெயின்ட் அடிக்கப் போனப்ப அழிக்க வேணாம்னு புள்ளைங்க தடுத்துருச்சுங்க. நிஷாந்தின்னு ஒரு புள்ள, அந்த மொயலுக்கு நேர் கீழதான் அவளுக்குத் தொட்டிலு கட்டியிருந்தாங்களாம். மேசையையும் அங்கயே இழுத்துப் போட்டுக்கிட்டா. எங்கிட்ட இருந்ததுலயே கெட்டிக்காரி அவதான்.

எங்க மாதிரி சங்கங்களுக்கெல்லாம் மேல இருக்க உங்க கொழும்புச் சம்மேளனத்து பைல்ல சங்கத்துப் பேரு இருக்குமே. மத்திய மலைநாட்டுத் தகவல் தொழில்நுட்பத் தொழில் முன்னேற்றச் சங்கம். போர்டுல எடம் பத்தாம முன்னேற்றம் ரெண்டாவது வரிக்கு எறங்கிருச்சு. ஆரம்பிக்கிறப்ப பதினாலு அங்கத்தவரு. போன் ரிப்பேர் கடைக்காரங்க, போட்டோகொப்பி அடிக்கிற கம்யூனிகேஷன் கடை வச்சிருக்கவங்க, சீசீடீவி பூட்டுறவரு ஒருத்தரு, கலியாணக் கார்டு அடிக்கிறவரு ஒருத்தரு. நான் நோர்வூட் டவுனுல சின்னதா ஒரு கம்பியூட்டர் கிளாஸ் வச்சிருந்தேன். முத்துலிங்கம் சேர்னா தெரியும். நாங்கல்லாம் சேந்து இந்தப் பக்கத்துல டெக்னாலஜிய வளக்கப் போறோம்னு கெளம்பினோம். சிரிப்பு வந்தா சிரிங்க மிஸ், நான் கோவிச்சுக்க மாட்டேன். எங்க வீட்டுலயே சிரிச்சாங்க.

தோட்டத்துல சங்கம்னா ஒரே அர்த்தம்தான். லயத்து வீட்டு வரிசை வரிசையா ஏறி எறங்கி புள்ளைங்கள சேக்கப் போனா, மொதக் கேள்வி, எந்தக் கட்சி சங்கம்? ரெண்டாவது கேள்வி, சந்தாவ சம்பளத்துலயே வெட்டுவீங்களா? நான் சொன்னேன், இது சம்பளத்த கூட்டிக் கேக்குற சங்கம் இல்லங்க, வேலைய உண்டாக்குற சங்கம்னு. காலைல வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்துல அத்தன ஆளுங்க முன்னாடி அழகுமுத்துக் கங்காணி சொன்னாரு, வேலைய உண்டாக்குற சங்கத்த இந்த மலை இன்னும் கண்டதில்ல, காட்டு பாப்போம்னு.

காட்டினோம் மிஸ். ஒம்பது மாசம் காட்டினோம்.

வேல என்னான்னா, வெளிநாட்டுக் கம்பனி ஒண்ணு ரோட்டுப் படமா அனுப்பும். அதுல எது காரு, எது ஆளு, எது நாயின்னு ஒவ்வொண்ணையும் சுத்திக் கோடு போட்டுப் பேரு குடுக்கணும். அதப் பாத்துதான் டிரைவர் இல்லாத காரு ஓடப் பழகுதாம். இந்த ரோட்டுல டிரைவர் இருந்தே பஸ் பள்ளத்துல எறங்குது, அது வேற. ஆனா எங்க புள்ளைங்க, ஐஸு கொட்டுற ஊருல கறுப்புக் கோட்டு போட்டவன் இருட்டுல நின்னாக்கூட கண்டுபுடிச்சிரும். பேப்பர்க்காரங்க வந்தாங்க. கொழுந்து கிள்ளின வெரலு இப்போ கீபோர்டிலன்னு பெருசா போட்டாங்க. நிஷாந்திக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் ஒரு நாளும் கொழுந்து கிள்ளல சேர், எங்கம்மாதான் கிள்ளினாங்க, நான் ஏலெவல்ல ஐசிடிக்கு ஏ எடுத்தவ, அத ஏன் போடலன்னு கேட்டா. பேப்பர்க்காரங்களுக்கு அதுல படம் எடுக்க என்னா இருக்கு?

மொத்தம் நாப்பத்திமூணு பேரு. காலைல பாதி, பின்னேரம் பாதி. எங்க தோட்டத்துப் புள்ளைங்க, பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைங்க, டவுனுல இருந்து றிப்கா, றிஷாத்னு ரெண்டு முஸ்லிம் புள்ளைங்களும் வந்துச்சுங்க. அஞ்சாவது மாசம் நிஷாந்தி என்னா செஞ்சா தெரியுமா, அவங்கம்மா ராசம்மா அக்காவ செக்ரோல்ல பேர வெட்டிக்கச் சொல்லிட்டா. போதும்மா, நீ மலைக்குப் போனதுன்னுட்டா. அந்த அக்கா அடுத்த நாளு காலைல பெரட்டுக் கொம்பு ஊதினவொடன எந்திரிச்சு, போறதுக்கு எடமில்லாம இங்க வந்து நின்னாங்க. சும்மா பாக்க வந்தேன் தம்பின்னாங்க. இந்தப் படியிலதான் உக்காந்திருந்தாங்க, நீங்க உக்காந்திருக்க எடத்துல. மக வேல செய்யிறத முழுக்காலையும் பாத்தாங்க.

அதுக்கு மேல என்னா நடந்துச்சுன்னா, நான் செஞ்சது மிஸ். ஆமா, நான்தான். தலைவரும் இல்ல, கம்பனியும் இல்ல.

நீங்க கொழும்புல எங்க இருக்கீங்க? வெள்ளவத்தையா. எத்தனையாம் நம்பரு? பாத்தீங்களா, கேட்டவொடன பட்டுன்னு நம்பர் சொல்றீங்க. எங்களுக்கு அது இல்ல. டிவிஷன் பேரு, தோட்டத்துப் பேரு, நோர்வூட். முடிஞ்சிச்சு. முன்னூத்திச் சொச்சம் குடும்பத்துக்கும் அதே மூணு வரிதான். தபாலு கட்டா தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிளாக்கரு எப்பயாச்சும் பிரிச்சு, இந்தப் பக்கமா வாறவங்க கையில குடுத்து வுடுவாரு. வந்தா வரும். இன்டர்வியூ முடிஞ்சு ரெண்டு கெழம கழிச்சு இன்டர்வியூ காயிதம் வரும். எனக்கே வந்திருக்கு, தொண்ணூத்தெட்டுல, கவுர்மென்ட்டு கச்சேரியில வேல. அத விடுங்க, பழைய கத.

கம்பனியில கணக்குத் தொறக்க ஆளாளுக்கு ஒரு விலாசம் கேட்டாங்க. அந்த விலாசத்துக்கு ரகசிய நம்பர் போட்டு ஒரு காயிதம் வரும். அத திருப்பிப் போட்டாத்தான் நம்ம ஆளு நெசமான ஆளுன்னு நம்புவாங்க. தோட்டத்து விலாசத்துக்கு வந்தா அது கிளாக்கரு மேசையில கெடந்து மக்கிப் போயிரும்ல? நான் ரெண்டு தடவ யோசிக்கல மிஸ். எல்லாரும் சங்கத்து விலாசத்த போடுங்கன்னேன். ஹட்டன்ல பைஸர் நானா கடைக்கு மேல மாடி. அதுக்கு நம்பரு இருக்கு. தபால்காரரு படியேறி கையில குடுப்பாரு.

குடுத்தாரே! நாப்பத்திமூணு காயிதமும் ஒண்ணு பாக்கியில்லாம வந்துச்சு. நானே கொண்டாந்து பேரு சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்தேன். தன்னோட பேருக்கு, யாரும் பிரிக்காத, ஒட்டுன காயிதம். திலக்ஷன்னு ஒரு பையன் அத பிரிக்காமலே ஒரு நாளு வச்சிருந்தான். சில புள்ளைங்க மோந்து பாத்துச்சுங்க. எனக்கு அன்னைக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. இந்தச் சங்கம் செஞ்ச ஒரே உருப்படியான காரியம்னு ராத்திரி சாப்பிடாம சந்தோசமா படுத்தேன். அந்தக் காரியம்தான் எல்லாத்தையும் அழிச்சது.

பத்தாவது மாசம், ஒரு திங்கக்கெழம. காலைல புள்ளைங்க வந்து கம்பியூட்டர போடுதுங்க, ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது. ஒருத்தருக்கில்ல, எல்லாத்துக்கும். நெட்டு போச்சுன்னு நெனச்சு நான் வெளியில வந்து வயர ஆட்டிக்கிட்டு நிக்கிறேன். நிஷாந்திதான் வந்து, நெட்டு இல்ல சேர், நம்மள வெலக்கிட்டாங்கன்னா. ஒரே விலாசத்துல நாப்பத்திமூணு கணக்கு. எவனோ ஒருத்தன் நாப்பத்திமூணு பேரா வேசம் போடுறான்னு முடிவு பண்ணிட்டாங்க.

எழுதுனமே, எழுதாம இருப்பமா? ஒவ்வொரு புள்ளையோட அடையாள அட்டையையும் போட்டோ புடிச்சு அனுப்பினோம். அதுலயும் எல்லாருக்கும் அதே மூணு வரி விலாசம்! சந்தேகம் கூடிப் போச்சு அவங்களுக்கு. கிராம சேவகர்கிட்ட அத்தாட்சி வாங்கினோம், அது சிங்களத்துல. இங்கிலீஷ்ல மாத்தி அனுப்புறதுக்குள்ள இன்னொரு மெயில், இனிமே எழுதாதீங்கன்னு. தொரைகிட்ட போனேன். இவங்க தனித்தனி வீட்டுல இருக்காங்கன்னு ஒரு காயிதம் தாங்கன்னேன். தனித்தனி வீடுன்னு எழுதினா நாளைக்கு வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கேப்பீங்கன்னாரு. உங்க சம்மேளனத்துக்கும் எழுதினேன் மிஸ். கோவிச்சுக்காதீங்க, உண்மையத்தான் சொல்றேன். கெடைச்சது, நன்றின்னு ஒரு வரி வந்துச்சு. அதுக்குப் பொறகு இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்க.

கடைசியா கம்பனியில ஒரு முடிவு சொன்னாங்க. ஒரு விலாசத்துக்கு ஒரு ஆள். ஏழு நாளைக்குள்ள யாருன்னு சொல்லுங்க, அந்த ஒரு கணக்க தொறந்து விடுறோம். மத்தது எல்லாம் எப்பவும் மூடினதுதான்.

அவங்கல்லாமா? அங்கங்க இருக்காங்க. றிஷாத் கட்டாருக்குப் போயிட்டான். திலக்ஷன் கொட்டாஞ்சேனையில ஒரு சாப்பாட்டுக்கடையில கொத்துரொட்டி போடுறான். அன்னைக்கு நான் குடுத்த அந்தக் காயிதத்த இன்னும் பேர்சுக்குள்ள வச்சிருக்கானாம், அவங்கப்பா சொன்னாரு. றிப்காவுக்கு வீட்டுல கலியாணம் பேசிட்டாங்க. நாலஞ்சு பேரு காமென்ட் பெக்டரியில தைக்குதுங்க. மிச்சம் பேரு கொழும்புல கடை. நிஷாந்தி உங்க ஊருலதான், வெள்ளவத்தையில ஒரு துணிக்கடை. காலிக்குப் போற மெயின் ரோட்டுலயே இருக்கு, நீங்க சாரி எடுக்கப் போயிருந்தா பாத்திருப்பீங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும். உக்கார ஸ்டூலு தர மாட்டாங்களாம். ராசம்மா அக்கா பழையபடி மலைக்குப் போறாங்க. ஒருக்கா பேரு வெட்டினவங்கள நெரந்தரமா சேக்க மாட்டாங்க, அன்னாடக் கைக்காசுக்குத்தான் போறாங்க. வழியில என்னப் பாத்தா, தம்பி சாப்டீங்களான்னு கேக்குறாங்க. ஏசினாக்கூட தாங்கிக்கலாம் மிஸ்.

நான் வேற என்னாத்தச் சொல்லி இந்தப் புள்ளைங்கள கூப்பிட்டேன் தெரியுமா? ஊர விட்டுப் போகாதீங்க, வேலைய ஊருக்குக் கொண்டாறோம்னு. லயத்துக்கு லயம் அதத்தான் பேசினேன். ஏன்னா எனக்குத் தெரியும். எங்க வீட்டுல அவங்க குவைத்துக்குப் போயி பதினொரு வருஷம். மகளுக்கு அப்ப எட்டு வயசு. நான்தான் அனுப்பினேன், கிளாஸ் போட காசு வேணும்னு. இடையில ரெண்டே தடவ வந்தாங்க. ரெண்டாந்தடவ வந்தப்ப மக அவங்கள வாங்க போங்கன்னு பேசினா. விருந்தாளிகிட்ட பேசுற மாதிரி. அன்னைக்கு ராவு பூரா அவங்க அழுதாங்க. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன், நம்ம புள்ள ஒரு காலமும் இந்த வாசல தாண்டி வேலைக்குப் போகாதுன்னு.

ஆமா மிஸ். வினோதா என் மகதான். சொல்லலயா நான்? பைஸர் நானாவும் சொல்லலயா? சரி, இப்ப சொல்லிட்டேன்.

அய்யோ, அப்புடிப் பாக்காதீங்க. மகன்னு நான் குடுக்கல. அது மாரியாத்தா குடுத்தது. பைஸர் நானா சொன்ன சீட்டுக் கதையா? அதேதான். அன்னைக்கு இந்தக் காம்பராவுல கூட்டம் வச்சோம். ஒருத்தரு நிஷாந்திக்குங்குறாங்க, கெட்டிக்காரின்னு. ஒருத்தரு கஸ்டப்பட்ட குடும்பமாப் பாத்துக் குடுங்கங்குறாங்க. எந்தக் குடும்பம் கஸ்டப்படல? கத்தி, அழுது, ரெண்டு பையனுங்க சட்டையப் புடிச்சுக்கிட்டானுங்க. அப்ப நிஷாந்தியே எந்திரிச்சு, கோயில்ல சீட்டுப் போட்டுருவோம் சேர்ன்னா.

எங்க தோட்டத்துல அது வழக்கம் மிஸ். திருவிழாவுக்கு மொதப் பூசை எந்த லயத்துதுன்னு வருஷா வருஷம் மாரியம்மன் முன்னாடி சீட்டுப் போட்டுத்தான் முடிவு. அதுல விழுந்தத இதுவரைக்கும் ஒரு ஆளு எதுத்துப் பேசினதில்ல. றிப்காகிட்ட கேட்டோம், நீயும் றிஷாத்தும் என்னா சொல்றீங்கன்னு. குலுக்குறது நேர்மையா இருந்தா எங்க வச்சுக் குலுக்கினாலும் எங்களுக்கு ஒண்ணுதான் அங்கிள்னுச்சு. கோயில் வாசல்ல கொட்டுற மழையில குட புடிச்சுக்கிட்டு நின்னுச்சுங்க ரெண்டும்.

பேரு எழுதுறது யாருன்னு வந்தப்ப, செக்கரட்டரி எழுதட்டும்னு எல்லாரும் ஒரே வாயா சொன்னாங்க. எழுதி, மடிச்சு, மறுநாளு செம்புல போட்டு, ஆத்தா கால்ல வச்சாச்சு. எடுக்குறது யாரு? நிஷாந்தி எடுக்கட்டும்னாங்க, அவதான மத்தவங்களுக்கெல்லாம் வேல பழக்கினவ. எடுத்தா. வாசிச்சா. வினோதா. மிச்ச சீட்ட பிரிக்காம கற்பூரத்துல போட்டுருவாங்க, அதுவும் வழக்கம்தான். பிரிச்சுப் பாத்தா ஆத்தாவ சந்தேகப்பட்ட மாதிரி.

நல்ல கதைதான். யாரு இல்லன்னா? உங்க பத்திரிகையில போடலாம், வருஷக் கூட்டத்துல மேடையில அவள ஏத்தி மாலை போடலாம், கேக்குறவங்களுக்குக் கண்ணு கலங்கும். அதனாலதான் மிஸ் இவ்வளவு நேரம் உங்கள புடிச்சு வச்சிருக்கேன். சங்கத்தப் பத்தி என்னா வேணும்னாலும் எழுதுங்க. செக்கரட்டரி முட்டாப்பயன்னு எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தாறேன். அந்தச் சீட்டுக் கதைய மட்டும் எழுதாதீங்க. அவள மேடைக்கும் கூப்பிடாதீங்க.

ஏன்னா, அந்தச் செம்புல நாப்பத்திமூணு சீட்டு இருந்துச்சு. நாப்பத்திமூணுலயும் வினோதான்னுதான் எழுதியிருந்தேன்.

மெதுவா மிஸ், இங்கயே பாக்குறா. ஒண்ணுமில்லம்மா, நீ வேலையப் பாரு! இல்ல, அவளுக்குத் தெரியாது. ஆத்தாதான் தனக்குக் குடுத்ததுன்னு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம வெளக்குப் போடுறா. இருந்த நாப்பத்திமூணு பேருல இவதான் ரொம்ப மெதுவா செய்யிறவ. நேர்மையாப் பாத்தா எந்தக் கணக்குலயும் அவளுக்கு வராது. ஆத்தாவா குடுத்தாலும் நாப்பத்திமூணுல ஒரு பங்குதான? எனக்கு அந்த ஒரு பங்கு பத்தல. ராவுல வீட்டுல கதவச் சாத்திட்டு எழுதினேன். கை நடுங்கும்னு பாத்தேன், நடுங்கல. அதத்தான் மிஸ் என்னால மறக்க ஏலல. எல்லாச் சீட்டுலயும் கையெழுத்து அழகா விழுந்திருந்துச்சு.

வேற யாருக்கும் தெரியாது. நிஷாந்திக்குத் தெரியும்.

நான் சொல்லல, நான் எப்புடிச் சொல்லுவேன்? அவ செம்புக்குள்ள கைய விட்டப்ப ரெண்டு சீட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு வந்துருச்சு. கூட்டம் பூரா ஆத்தாவக் கும்பிட்டுக்கிட்டு இருக்கு. நான் மட்டும்தான் அவ கையப் பாக்குறேன். ரெண்டையும் பிரிச்சா. ரெண்டையும் வாசிச்சா. தலைய தூக்கி என்ன ஒரு தடவ பாத்தா. பொறகு ஒண்ண பழையபடியே மடிச்சு செம்புக்குள்ள போட்டுட்டு, மத்தத எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வாசிச்சா. வாசிச்சிட்டு, மொத ஆளா ஓடிப் போயி என் மகளக் கட்டிப் புடிச்சதும் அவதான் மிஸ்.